டிராக்கைத் தூக்கச் சொல்லாதீர்கள்: சென்னைக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஒரு மாலை ஆட்டத்தின்போது உங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த நரைத்தலை ஆள் நான். கூட இருந்தவன் என் மகள் வயிற்றுப் பேரன். சென்னையின் எஃப்.சி. அணியின் நீல ஜெர்சி, கன்னத்தில் நீலச் சாயம், தொண்டை கிழியக் கத்தல் என்று முழுக்க முழுக்க உங்கள் கூட்டத்துப் பிள்ளை. கோல் கம்பத்துக்குப் பின்னால் இடம் பிடித்திருந்தோம். மறுகோடியில் ஒரு கார்னர் கிக். யார் தலையில் பட்டது, பந்து உள்ளே போனதா வெளியே போனதா, நம் பக்கம் ஒருவருக்கும் புரியவில்லை. எதிர்ப்பக்க ஸ்டாண்டு எழுந்து குதித்த பிறகுதான் கோல் என்று தெரிந்து நாமும் குதித்தோம். அப்போது பந்துக்களத்தைச் சுற்றி இருக்கிற ஓட்டப்பந்தய டிராக்கைக் காட்டி உங்களில் ஒருவர் சொன்னார்: "முதல்ல இந்த டிராக்கைத் தூக்கணும்ப்பா. எவன் ஓடுறான் இதுல?"

நாலு பேர் கைதட்டினார்கள். என் பேரனும் தட்டினான். அவனை வீட்டுக்கு வந்து கவனித்துக்கொண்டேன். உங்களுக்கு இந்த மடல்.

எவன் ஓடுகிறான் என்று எனக்குத் தெரியும். தென்மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருடம் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குறுவட்டம், வருவாய் மாவட்டம், அதையும் தாண்டினால் மாநிலம் என்று பிள்ளைகளை ஒவ்வொரு படியாக ஏற்றி, அந்த டிராக்கின் ஓரம் வரைக்கும் கூட்டி வந்து நிறுத்துவதுதான் என் உத்தியோகம். ஆகவே நான் நடுநிலையான ஆள் இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் குறை பொய்க்குறை என்றும் சொல்லமாட்டேன். கணக்குப் போட்டால் நீங்கள் நினைப்பதைவிட மோசமாகவே வருகிறது. தர அளவுப்படி அமைக்கிற 400 மீட்டர் டிராக்கில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். வளைவின் ஆரம் 36.50 மீட்டர். அப்படியென்றால் டிராக்கின் உள்விளிம்புக்கு உள்ளே கிடைக்கும் இடம் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை 157 மீட்டர் சொச்சம், அகலம் 73 மீட்டர். அதற்குள் 105-க்கு 68 மீட்டர் பந்துக்களத்தை வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் டச் லைனுக்கும் டிராக்கின் விளிம்புக்கும் நடுவே இரண்டரை மீட்டர்தான். ஆனால் கோல் லைனுக்குப் பின்னால் 26 மீட்டர். அதன்மேல் 1.22 மீட்டர் வீதம் எட்டு லேனை, அதாவது ஆளுக்கொன்றான ஓடுபாதையை, கூட்டினால் 36 மீட்டர் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் வேலி, அப்புறம் முதல் வரிசை. நம் பக்கத்துக் கோலே அத்தனை தொலைவு என்றால் எதிர்க்கோடிக் கோல் 141 மீட்டருக்கு அப்பால். அங்கே நடக்கும் கார்னர் கிக்கில் யார் தலை பட்டது என்று தெரிய நாம் கழுகாக இருக்க வேண்டும்.

இன்னொன்று கவனித்திருப்பீர்களோ என்னவோ. இதே அளவுகளில் பந்துக்களத்தின் நான்கு மூலைகளும் வளைவை ஏறத்தாழ உரசிக்கொண்டு நிற்கும். மூலைக் கொடிக்கும் டிராக்கின் உள்விளிம்புக்கும் இடைவெளி ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கார்னர் எடுக்கிற ஆட்டக்காரர் நாலு எட்டு பின்னால் போய் ஓடி வரவேண்டுமென்றால் டிராக்கில் கால் வைத்துத்தான் ஆகவேண்டும். இரண்டு விளையாட்டையும் ஒரே தட்டில் பரிமாறியவன் எவ்வளவு நெருக்கிப் பரிமாறியிருக்கிறான் என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் கோலுக்குப் பின்னால் இருக்கும் அந்த 26 மீட்டர் சும்மா கிடக்கிற இடம் இல்லை. அரைநிலா வடிவத்தில் இருக்கும் அதை நாங்கள் 'டி' என்போம். உயரம் தாண்டுகிறவர்கள் வளைந்து ஓடிவருவதற்கு அந்த அரைவட்டம்தான் வேண்டும். குண்டு எறிவதற்கும் அதுதான் வசதி. தடையையும் தண்ணீரையும் தாண்டி ஓடுகிற ஸ்டீப்பிள்சேஸ் ஓட்டத்துக்கான தண்ணீர்க் குழியும் வளைவை ஒட்டித்தான் வரும். உங்கள் கண்ணுக்கு வெற்றிடமாகத் தெரிவதில் எங்களுக்கு நாலைந்து போட்டிகள் இருக்கின்றன.

முதல்முறை அந்த டிராக்கில் ஒரு பிள்ளையை இறக்கியது 1990-களின் கடைசியில். 400 மீட்டர் ஓடுகிற பெண். எங்கள் பள்ளி மைதானத்தில் 200 மீட்டர் வட்டத்துக்குத்தான் இடம். தேங்காய்நார்க் கயிற்றைப் பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் நான் போடுகிற கோடு. மழை பெய்தால் கோடும் போகும், வட்டமும் கோணும். 400 என்றால் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, லேன் கீன் ஒன்றும் இல்லாமல் இரண்டு சுற்று ஓடவிடுவோம். அவளுக்கு அதுதான் 400.

விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினோம். தெற்கிலிருந்து வருகிற எங்களுக்கு அந்த ஸ்டேஷன்தான் சென்னையின் வாசல். பையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தாண்டி, பெரியமேட்டுத் தோல் மண்டிகளின் வாடையை மூக்கைப் பொத்திக் கடந்து நடந்தே போனோம். கேட்டுக்குள் நுழைந்து அந்தச் செம்மண் நிற டிராக்கைப் பார்த்ததும் அவள் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "சார், ரப்பர் செருப்பு மாதிரி இருக்கு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

போட்டிக்கு முன்னால் அழைப்பறையில் ஸ்பைக்ஸை, அதாவது அடியில் ஆணி வைத்த ஷூவை, திருப்பிப் பார்த்தார்கள். எங்களிடம் இருந்தது மண்தரைக்கான நீள ஆணி. சிந்தடிக் டிராக்கில் 9 மில்லிமீட்டருக்கு மேல் ஆகாது. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12 வரை விடுவார்கள். இது புத்தகத்தில் படித்த விதிதான். ஆனால் குட்டை ஆணிக்கு எங்கள் ஊரில் எங்கே போவேன்? பக்கத்தில் நின்ற வேறு மாவட்டத்து மாஸ்டர் ஒருவர், முன்பின் தெரியாதவர், தன் பையிலிருந்து ஒரு கை ஆணியும் அதைத் திருகுகிற சாவியும் எடுத்துக் கொடுத்தார். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஷூவாக ஆணி மாற்றினோம்.

அடுத்த சிக்கல் ஸ்டார்ட்டில். அவளுக்கு முதல் லேன். 400 மீட்டரில் வெளி லேன்காரர்களுக்கு வளைவு நீளம் என்பதால் அவர்களை முன்னே தள்ளி நிறுத்துவார்கள். இரண்டாவது லேன் 7.04 மீட்டர் முன்னால், அதற்கடுத்த ஒவ்வொன்றும் மேலும் ஏழரை மீட்டருக்குச் சற்றுக் கூட. எட்டாவது லேன்காரி 53 மீட்டர் முன்னே நிற்பாள். இவள் திரும்பி என்னைப் பார்த்து, ஸ்டாண்டு வரை கேட்கிற குரலில், "சார், அந்தப் பிள்ள அவ்வளவு முன்னால நிக்கா, இது என்ன நியாயம்?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காகிதத்தில் படம் வரைந்து சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால் காகிதத்தில் 53 மீட்டர் இரண்டு அங்குலம்தானே.

ஹீட்ஸ் என்கிற முதல் சுற்றோடு வெளியே வந்துவிட்டாள். ஆனால் எங்கள் ஊர் மண்ணில் ஓடியதைவிட மூன்று வினாடி குறைவான நேரம். அந்த நேரத்தை எழுதிய காகிதத்தை மடித்துப் பாவாடை முடிச்சில் செருகிக்கொண்டு ரயிலேறினாள். பிற்பாடு அவள் ஒன்றும் தேசிய வீராங்கனை ஆகிவிடவில்லை. காவலர் தேர்வில் பெண்களுக்கும் ஒரு 400 மீட்டர் ஓட்டம் உண்டு. அதை முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து மற்றவர்கள் வந்துசேரக் காத்துக்கொண்டு நின்றாளாம். இப்போது ஒரு மாநகரக் காவல் நிலையத்தில் இருக்கிறாள். "எவன் ஓடுறான்" என்று நீங்கள் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவள்தான்.

சரி, என் கதை போதும். அந்த இடத்தின் கதைக்கு வருவோம்.

நீங்கள் நின்று கத்துகிற மண், ஒரு காலத்துப் பீப்பிள்ஸ் பார்க். சர் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக இருந்தபோது நகர மக்களுக்கென்று நூறு ஏக்கருக்கும் மேல் வளைத்துப் போட்ட பூங்கா. குளங்கள், பாண்டு வாசிக்கிற மேடை, மிருகக்காட்சிசாலை எல்லாம் இருந்தன. அந்த மிருகக்காட்சிசாலையை மெட்ராஸ்காரர்கள் 'உயிர் காலேஜ்' என்றார்கள். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. பெயர் வைப்பதில் இந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1985-இல் உயிர் காலேஜ் வண்டலூருக்குக் குடிபோனது. அதே வருடம் பக்கத்து மூர் மார்க்கெட் எரிந்து போனது. பூங்காவில் மிச்சம் என்று சொல்ல மை லேடீஸ் பூங்காவும், ரிப்பன் மாளிகையைச் சுற்றிய கொஞ்சம் பச்சையும், உங்கள் ஸ்டேடியமும்தான்.

ஸ்டேடியத்துக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது கால்பந்தும் இல்லை, ஓட்டமும் இல்லை. கிரிக்கெட். வயதானவர்கள் இன்னமும் 'கார்ப்பரேஷன் ஸ்டேடியம்' என்றுதான் சொல்வார்கள். 1956 ஜனவரி முதல் 1965 வரை மெட்ராஸின் டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை, இங்கேதான் நடந்தன. மொத்தம் ஒன்பது டெஸ்ட். அந்த முதல் டெஸ்டிலேயே நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் சேர்த்தார்கள். மன்கட் 231, ராய் 173. உலக சாதனை. 2008-இல் சிட்டகாங்கில் கிரீம் ஸ்மித்தும் நீல் மெக்கென்சியும் 415 எடுக்கும் வரை, ஐம்பத்திரண்டு வருடம் அது அசையவில்லை. உங்கள் அணியின் சென்டர் ஃபார்வர்டு ஆஃப்சைடில் மாட்டுகிற அதே வட்டாரத்தில்தான் எங்கோ அந்த பிட்ச் கிடந்திருக்கும்.

1962 ஜனவரியில் இங்கிலாந்தை 128 ஓட்டத்தில் தோற்கடித்து, அந்த நாட்டுக்கு எதிராக இந்தியா முதன்முறை தொடரை வென்றதும் இங்கேதான். சலீம் துரானி அந்த ஆட்டத்தில் பத்து விக்கெட் எடுத்தார். இரண்டு வருடம் கழித்து அதே இங்கிலாந்து, அதே மைதானம், பாபு நட்கர்னி. 32 ஓவர், 27 மெய்டன், 5 ஓட்டம், விக்கெட் இல்லை. தொடர்ந்து 21 மெய்டன் ஓவர், 131 பந்துக்கு ஒரு ஓட்டம்கூடக் கிடையாது. என் அப்பா இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "பார்த்தவன் தூங்கியிருப்பான், ஆனா தூங்கி எழுந்தும் அதேதான் நடந்துகிட்டு இருந்திருக்கும்" என்பார்.

பிறகு 1967-இல் டெஸ்ட் ஆட்டம் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது. கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒன்பது டெஸ்ட் நடந்த மைதானம், உலக சாதனை எழுதப்பட்ட மைதானம், கிரிக்கெட் ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறது. அது கிரிக்கெட்டுக்கு மட்டும் என்று கட்டிய இடமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் அவ்வளவு நிலம். ஏதாவது ஒரு வணிக வளாகம் அங்கே முளைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பிற விளையாட்டுகளுக்கும் அது தேவைப்பட்டதால்தான் பிழைத்தது.

1993-இல் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். நாற்பதாயிரம் பேர் உட்காரலாம். அந்த வருடமே நேரு கோப்பைக் கால்பந்து இங்கே நடந்தது. வடகொரியா ஜெயித்துக்கொண்டு போனது. பேரனிடம் சொன்னபோது நம்ப மறுத்தான். 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. நகரத்துக்கு இன்னும் மெட்ராஸ் என்றுதான் அரசாங்கப் பெயர். ஏழு நாடுகள் வந்தன.

அந்தப் போட்டியை ஒட்டி இந்த நகரத்தில் நடந்த காரியம்தான் என் வழக்குக்கு முக்கியமான சாட்சி. ஹாக்கிக்கு எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா மலேசியாவை 4-3 என்று திருப்பி அடித்தது அங்கேதான். டென்னிசுக்கு நுங்கம்பாக்கம். 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் அங்கே நடந்தது. நீச்சலுக்கு வேளச்சேரி. கபடிக்கும் வாலிபாலுக்கும் டேபிள் டென்னிசுக்கும் நேரு ஸ்டேடியத்தை ஒட்டியே உள்ளரங்கம். தமிழ் தலைவாஸ் அங்கே ஆடியிருக்கிறார்கள். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடங்கி வைக்கப்பட்டதும் அங்கேதான். செஸ்ஸுக்கு அவ்வளவு பெரிய கூரை தேவையா என்று அப்போது நான்கூடக் கேட்டேன்.

ஹாக்கிக்காரர்களுக்கு வீடு, டென்னிஸ்காரர்களுக்கு வீடு, கிரிக்கெட்காரர்களுக்குச் சேப்பாக்கம் என்ற அரண்மனை. கால்பந்துக்கும் தடகளத்துக்கும் மட்டும் ஒரே வீட்டைக் கொடுத்து, "அண்ணன் தம்பியா அனுசரிச்சுக்கங்க" என்று விட்டுவிட்டார்கள். முப்பது வருடமாக அனுசரித்துத்தான் போகிறோம். அனுசரித்தது நீங்கள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சம்மட்டி எறிதலில் ஏழேகால் கிலோ இரும்புக் குண்டு அறுபது மீட்டருக்கு அப்பால் வந்து புல்லில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்கள் விங்கர் கணுக்காலைக் கேட்டுப் பாருங்கள். அதற்காகத்தான் புல்லைக் காப்பாற்றுகிற மைதானங்கள் எல்லாம் சம்மட்டிக்காரனை முதலில் வெளியே அனுப்புகின்றன. விரட்டப்படுவது எங்களுக்குப் பழக்கம்தான், அதனால்தான் இவ்வளவு பதறுகிறேன் போலிருக்கிறது.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. உங்கள் அணியின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. 2014-இல் வந்தார்கள், 2015-இலும் 2018-இலும் ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கினார்கள், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய கிளப் ஜெர்சிக்குப் பதிலாக ஊர்ப்பெயர் போட்ட ஒன்றைக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அணிகள் வரும், போகும். 2015 வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தைப் புனேயில் போய் ஆட வேண்டியிருந்தது. 3-0 என்று ஜெயித்தார்கள், அது வேறு. நான் சொல்ல வருவது, ஒரு தொழில்முறை அணிக்கு இன்னொரு ஊர் மைதானம் கிடைத்துவிடும். லீக் மாறலாம், உரிமையாளர் மாறலாம். மன்கட் காலத்துக் கிரிக்கெட் ரசிகனும் அது என்றைக்கும் தன் மைதானம்தான் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்திருப்பான். எங்கள் பிள்ளைகளுக்கு வேறு ஊர் கிடையாது. டிராக்கைப் பெயர்த்துவிட்டு இன்னொரு நாள் திரும்பப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்டாண்டை முன்னே இழுத்துக் கட்டிவிட்டால் அந்த வளைவுக்கு மறுபடி இடம் எங்கிருந்து வரும்?

போட்டியே நடப்பதில்லையே என்று கேட்பீர்கள். நடக்கிறது, நீங்கள் வருவதில்லை. 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி இதே டிராக்கில் நடந்தது. அந்த வருடம் ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியின் தொடக்க விழா இங்கே. கிடைக்க வேண்டியது கை நழுவியதும் உண்டு. 2013 ஆசிய தடகளப் போட்டி சென்னைக்கு என்று இருந்தது. இலங்கை வீரர்கள் பங்கேற்பதை அன்றைய மாநில அரசு ஏற்காததால் புனேக்குப் போய்விட்டது. அந்த முடிவின் சரி தவறு பற்றிப் பேச நான் ஆள் இல்லை. அந்த ஜூலை மாதம் டிவியில் புனே டிராக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இந்த மாநிலத்தில் ஓடத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சம் இல்லை. மதுரை ரேவதி வீரமணி ஷூ வாங்க வழியில்லாமல் வெறுங்காலில் ஓடத் தொடங்கி டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் 2023-இல் 400 மீட்டர் தடையோட்டத்தை 55.42 வினாடியில் ஓடினார். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா ஓடிய அதே நேரம், நூறில் ஒரு பங்குகூட மாறாமல். முப்பத்தொன்பது வருடம் யாரும் தொடாத கோடு அது. மும்முறை தாண்டுதலில், அதுதான் நீங்கள் டிரிப்பிள் ஜம்ப் என்பது, பிரவீன் சித்திரவேல் 17.37 மீட்டர். இவர்கள் எல்லாரும் சாதாரணக் குடும்பங்களிலிருந்து கிளம்பியவர்கள். இப்படி ஒருவர் கிளம்ப வேண்டுமென்றால், ஆயிரம் பிள்ளைகள் எங்காவது ஒரு நல்ல டிராக்கில், ஹீட்ஸிலேயே தோற்றாலும் பரவாயில்லை, ஒருதடவை ஓடிப் பார்த்திருக்க வேண்டும்.

உலகத்தில் இந்தச் சண்டை நமக்கு மட்டும் வந்ததில்லை. மியூனிக்கில் பயேர்ன் அணி 1972 ஒலிம்பிக் ஸ்டேடியத்தில், டிராக்குக்கு அப்பால் உட்கார்ந்த ரசிகர்களோடு முப்பது வருடத்துக்கு மேல் ஆடியது. அவர்களும் முணுமுணுத்தார்கள். 2005-இல் கால்பந்துக்கென்றே அலியான்ஸ் அரீனாவைக் கட்டிக்கொண்டு போனார்கள். பழைய ஸ்டேடியம் அங்கேயே இருந்தது. 2022-இல் ஐரோப்பியத் தடகளப் போட்டி அதில் நடந்தது. பாரிஸில் வேறு யோசனை. ஸ்டேட் டி பிரான்ஸின் கீழ்வரிசை இருக்கைகள் நகரக்கூடியவை. பந்தாட்டத்துக்கு முன்னே வரும், ஓட்டத்துக்குப் பின்னே போகும். 2024 ஒலிம்பிக்கில் ஊதா நிற டிராக் விரித்தது அங்கேதான். அதற்குப் பணம் வேண்டும், பராமரிக்கிற ஆள் வேண்டும். நம் ஊருக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். நகரும் இருக்கை நகராமல் நின்றுபோன நாளில் இரண்டு பேரும் சேர்ந்து அழ வேண்டியதுதான்.

தூரம் இருந்தால் ஆரவாரம் செத்துவிடும் என்ற வாதத்தையும் முழுக்க ஏற்கமுடியவில்லை. கொல்கத்தா சால்ட் லேக்கில் பந்துக்களத்தைச் சுற்றி டிராக்தான். 1997-இல் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு அங்கே வந்தவர்கள் 1,31,781 பேர். அவர்களில் எத்தனை பேருக்குப் பந்து தெரிந்ததோ, சத்தத்துக்குக் குறைவில்லை. நம் பி ஸ்டாண்டு பிள்ளைகளும் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை. இரண்டு நாள் எனக்குக் காது அடைத்திருந்தது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். டிராக்கைத் தூக்கு என்று கேட்காதீர்கள். எங்களுக்குத் தனி மைதானம் கொடு என்று கேளுங்கள். ஹாக்கிக்கும் டென்னிசுக்கும் கிடைத்தது கால்பந்துக்கு ஏன் இல்லை என்று கேளுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரரின் மூச்சு கேட்கிற, இருபதாயிரம் பேர் கொள்கிற ஒன்று போதும். அந்தக் கோரிக்கையோடு நீங்கள் ஊர்வலம் போனால், பழைய விசிலை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நான் வருகிறேன். எனக்குத் தெரிந்த மாஸ்டர்கள் அத்தனை பேரையும் கூட்டி வருகிறேன். பி.டி. மாஸ்டர்கள் வரிசையாக நடப்பார்கள் என்பது ஒரு கூடுதல் லாபம்.

அதுவரை அந்த 36 மீட்டரைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதை நிறைத்தும் பாருங்கள். இடைவேளையின் பதினைந்து நிமிடத்தில் நூறு மீட்டர் பெண்கள், ஆண்கள் என்று இரண்டு ஓட்டம் வைக்கச் சொல்லி உங்கள் ரசிகர் மன்றமே கேட்கலாம். மொத்தம் அரை நிமிடம்கூட ஆகாது. எங்கள் பிள்ளைகள் மாநிலப் போட்டியில் ஓடும்போது ஸ்டாண்டில் இருப்பது மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளும், தூங்கி விழுகிற எங்களைப் போன்ற வாத்தியார்களும்தான். பத்தாயிரம் தொண்டைக்கு முன்னால் ஒரு பிள்ளை ஓடினால் அந்த நேரம் எவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொரு அழைப்பும் உண்டு. அடுத்த மாநிலப் பள்ளித் தடகளப் போட்டிக்கு ஒரு நாள் வாருங்கள். டிக்கெட் வாங்கிப் பள்ளிக்கூடப் போட்டி பார்த்த மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. வழி சொல்லத் தேவையில்லை, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான்தான் மெட்ரோ வந்த புதிதில் பெயரை நம்பி நேரு பூங்கா நிலையத்தில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரல் பக்கமாகத் திரும்பி நடந்தேன்.

உங்கள் வழக்கமான கோல் கம்பத்துப் பக்கத்தில் உட்காராதீர்கள். கடைசி வளைவு முடிந்து நேர்ப்பகுதி தொடங்குகிற இடத்தில் உட்காருங்கள். 400 மீட்டர்காரர்களுக்குக் கால் கனக்கத் தொடங்குவது அங்கேதான், முகத்தைப் பார்த்தாலே தெரியும். தலைக்குத் துண்டோ தொப்பியோ எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஹீட்ஸ் எல்லாம் காலை வெயிலில் வரும். 4×400 ரிலே எப்போதும் கடைசி நிகழ்ச்சி. அதற்கு முன்னால் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் கலைந்திருக்கும், ஆனால் குச்சி கைமாறும்போது நான் கத்துகிற சத்தத்தை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்தில் பேரனும் இருப்பான், நீல ஜெர்சியோடு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர்